அம்மி சுமக்கும் மேசை

ஆட்டோ ஹூட் ஒன்றைத் தைக்கக் காலையில் உட்கார்ந்தேன். மத்தியானம் சோற்றுக்கு எழுந்தபோது மெஷின் மேசை சுவரை விட்டு ஒரு சாண் விலகி நின்றது. அது என் பக்கம் வர வர, நானும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். தைக்கிற மும்முரத்தில் தெரியவில்லை. கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய அம்மாதான் பார்த்தாள்.

“அடிமேல அடி அடிச்சா அம்மியே நகரும். இந்தத் தகர மேசை நகராதா?”

மறுநாள் நாலு காலையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத் தைத்தேன். ஹூட்டின் ஓரத்து மடிப்புகள் முடிந்து எழுந்தபோது வலது முன்கால் கோட்டை விட்டு இரண்டு விரல் வெளியே வந்திருந்தது. இடது பின்கால் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. மேசை திரும்பிக்கொண்டே நகர்கிறது என்று அப்போது புரிந்தது. மடிப்பில் போட்டிருந்த இரட்டைத் தையலை விரித்துப் பார்த்தேன். இரண்டு வரிசையும் ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, பாம்பு போன தடம் மாதிரி கிடந்தது. கண் ஒரு இடத்தைப் பார்க்கிறது, துணி கிடக்கிற பலகை வேறு பக்கம் ஆடுகிறது. கை எவ்வளவுதான் பிடித்துக்கொள்ளும்?

கருங்கல்லுக்கும் குளச்சலுக்கும் நடுவில், வீட்டோடு ஒட்டி ஷட்டர் போட்ட ஒற்றை அறைதான் என் கடை. பல வருடம் ஜாக்கெட்டும் பள்ளி யூனிஃபார்மும் தைத்துக்கொண்டிருந்தேன். கடற்கரையிலிருந்து ஒருவர் வள்ளத்து என்ஜினை மூட ஒரு உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார். அம்மாவின் பழைய கால் மெஷினில் ஊசி மேல் ஊசி முறித்து எப்படியோ தைத்துக் கொடுத்தேன். அது உப்புக்காற்றிலும் வெயிலிலும் ஒரு வருடம் தாங்கியது. அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வலை மூடும் படுதா, ஆட்டோ ஹூட், பைக் சீட், சோபா உறை. அதற்குத் தக்க மெஷின் இல்லாமல் முடியாது என்றானபோது, வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தில் திருப்பூரிலிருந்து பழைய ஜூக்கி டிஎன்யூ-1541 ஹெட் ஒன்றை, அதாவது மேசையும் மோட்டாரும் இல்லாத மெஷினை மட்டும், 2022இல் பார்சல் சர்வீஸில் வரவழைத்தேன்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மேசைக் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது. சாதாரண மெஷினில் அடியிலிருக்கும் பல் மட்டும் துணியை நகர்த்தும். இந்த ஜூக்கி போன்ற வாக்கிங் ஃபூட் மெஷினில் அப்படியில்லை. ஊசி துணிக்குள் இறங்கி நின்றபடியே, அடிப்பல்லும் ஊசியை ஒட்டிய உள்பாதமும் கூட வர, மூன்றும் ஒன்றாகத் துணியைப் பின்னால் கொண்டுபோகும். மறுபடி முன்னால் வருவதற்காக அந்தப் பாதம் எழும்போது, வெளிப்பாதம் இறங்கித் துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பாதமும் மாறி மாறி நடப்பதால்தான் அந்தப் பெயர். நாலு மடிப்பு ரெக்சினும் நடுவில் ஸ்பாஞ்சும் இருந்தாலும் மேல்துணி ஒருபக்கம், கீழ்த்துணி ஒருபக்கம் என்று விலகாது. ஆனால் இத்தனை இரும்பு மேலும் கீழும் முன்னும் பின்னும் போய்வந்தால் அதிர்வும் அதற்குத் தக்கபடி இருக்கும். கம்பெனி சொல்கிற உச்ச வேகம் நிமிடத்துக்கு 2500 தையல். நான் போவது ஆயிரத்துக்குள்தான். அதுவே வினாடிக்குப் பதினாறு அடி. ஹெட்டின் கனம் 36 கிலோ.

இந்த 36 கிலோவை ஆணியோ போல்ட்டோ போட்டு மேசையோடு முடுக்குவதில்லை. பலகையில் வெட்டிய குழிக்குள் மூலைகளில் ரப்பர் வைத்து, அதன்மேல் மெஷின் தன் பாரத்திலேயே உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் இருக்கும் இரண்டு கீல் மெஷினை மல்லாத்துவதற்குத்தான். அதனால் மெஷின் அடிக்கிற அடியெல்லாம் அப்படியே மேசைக்குப் போகிறது. மேசை அதைத் தாங்கி அடக்க வேண்டும், இல்லையென்றால் கூடச் சேர்ந்து ஆட வேண்டும்.

மெஷின் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஹெட்டைத்தான் பார்க்கிறோம். என்ன மாடல், ஜப்பானா, சீனாவா, அடியில் நூலைப் பிடிக்கும் ஊக்கு தேய்ந்திருக்கிறதா என்று கேட்கிறோம். மேசையைப் பற்றிக் கேட்பதே இல்லை. நானும் கேட்கவில்லை. மோட்டார் வாங்கின கடையிலேயே மேசையும் ஸ்டாண்டும் சேர்த்து வாங்கிவிட்டேன். மரத்தூளை அழுத்திச் செய்த போர்டு, மேலே மைக்கா, கீழே மெல்லிய தகடு வளைத்த கால். வந்த அன்று பளபளவென்றுதான் இருந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டுக்கும் நடுவிலும் வானம் முழுசாக விடுவதில்லை. பெல்ட் போவதற்காகப் போர்டில் வெட்டியிருந்த பள்ளத்தின் ஓரம் பூச்சு இல்லாமல் பச்சையாகக் கிடந்தது. முதல் ஜூனிலேயே அந்த வழியாக ஈரம் குடித்துப் போர்டு பொருமிவிட்டது. விரலால் தடவினால் மைக்காவுக்குக் கீழே மேடு தெரியும். மெஷின் தளமும் பலகையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் துணி தடையில்லாமல் ஓடும். இப்போது பலகை உயர்ந்து, துணியின் ஓரம் ஒவ்வொரு முறையும் அங்கே தட்டி நின்றது. கடைக்காரரைக் கூப்பிட்டேன். மழைக்காலத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்றார். அப்படித்தான் இருக்கும் என்றால் மழை பெய்கிற ஊரில் அதை ஏன் விற்க வேண்டும்? எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அம்மாவின் கால் மெஷின் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மூலையில் நிற்கிறது. ஒரு நாளும் நகர்ந்ததில்லை. அதன் கால் வார்ப்பிரும்பு. சின்ன வயதில் தங்கையும் நானும் சேர்ந்து தூக்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறோம். ஏன் இவ்வளவு கனமாகச் செய்து வைத்தார்கள் என்று திட்டியும் இருக்கிறோம். பழைய ஆட்கள் அந்தக் கனத்தைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து விளையில் (தோப்பை நாங்கள் விளை என்போம்) இருக்கும் தச்சர் மூத்தாசாரியைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். வீட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கை சும்மா இருக்காது, ஏதாவது ஸ்டூலும் பலகையும் செய்துகொண்டிருப்பார். நான் மெஷினின் கனம், மோட்டாரின் வேகம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்:

“மெஷினுக்க கனம் இரிக்கட்டு மக்களே. மேசைக்க கனம் எவ்வளவு?”

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, ஹெட்டை இறக்கிவிட்டு, மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். ஒற்றைக் கையில் எழும்பியது.

மரம் எங்களிடமே இருந்தது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்த நாளைக் குமரி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து கிடந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அம்மா வீட்டு விளையில் கிணற்றோரம் நின்ற அயனியும் அன்றைக்குத்தான் வேரோடு விழுந்தது. அப்பா இருந்த காலத்தில் ஏணி போட்டு அயனிச்சக்கை பறித்துத் தந்த மரம். அதை விறகுக்குக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. மில்லில் அறுத்து வாங்கி, விறகுப்புரையில் அடுக்கி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் காற்று போகச் சிறு குச்சி வைத்திருந்தார்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது மரவேலைக்காரர்கள் கணக்கு. மூன்று அங்குலச் சட்டத்துக்கு 2023இல் ஐந்து வருடம் தாண்டியிருந்தது.

அயனி பலாவின் உறவு. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகத் தேன் நிறத்துக்கும் அதைத் தாண்டியும் கறுக்கும். தண்ணீரையும் கரையானையும் தாங்கும். வள்ளம் கட்ட அந்தக் காலத்தில் அதைத்தான் தேடினார்கள். ஆலப்புழைப் பக்கம் ஓணத்துக்குப் போட்டி போடும் சுண்டன் வள்ளங்களும் அயனிதான், அங்கே ஆஞ்சிலி என்பார்கள்.

மேசை முழுவதையும் அயனியில் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மூத்தாசாரி ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“பலகையில மேல்தட்டு வேண்டாம். மழைக்குக் குடிச்சு வீங்கும், வெயிலுக்கு எளச்சுப் போவும். நீ குழி வெட்டினா, அந்தக் குழியும் கூடச் சேர்ந்து சிறுத்துப் பெருக்கும். காலுக்கும் சட்டத்துக்கும் அயனி போடு. மேல பிளைவுட்டு போதும்.”

யோசித்தால் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. மரம் தன் நீளத்தில் கூடிக் குறைவதில்லை, அகலத்தில்தான் மாறும். மெஷின் குழிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அயனிப் பலகை ஒரு மழைக்கு அதைத் தின்றுவிடும். பிளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் கிழக்கு மேற்கு என்றால் அடுத்த அடுக்கின் நார் தெற்கு வடக்கு. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் அது அசையாது. தண்ணீர் தாங்கும் பிளைவுட், 19 மில்லிமீட்டர், எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று வாங்கினேன்.

அளவை முடிவு செய்யத்தான் அதிக நாள் ஆனது. கடைகளில் வரும் மேசை 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம். சட்டையும் பேண்ட்டும் தைக்க அது தாராளம். எனக்கு ஹூட் தைக்கும்போது துணியின் முக்கால் பாகம் மேசைக்கு வெளியே தொங்கியது. ஒரு நாள் தார்ப்பாய் தைத்துவிட்டு அளந்து பார்த்தேன். தையல் நீளத்தை 6 மில்லிமீட்டரில் வைத்திருந்தேன். தொடக்கத்தில் 6 இருந்தது, நடுவில் 5, துணி முழுவதும் இடப்பக்கம் தொங்கிய இடத்தில் நாலரை. மெஷின் ஒவ்வொரு தையலுக்கும் 6 மில்லிமீட்டர் இழுக்கப் பார்க்கிறது, தொங்குகிற துணியின் கனம் அதைப் பின்னால் இழுக்கிறது. தையல் சிறுத்தால் ஊசித் துளை நெருங்கும். நெருங்கிய துளைகள் வரிசையாக நின்றால் ரெக்சின், தபால்தலைத் தாள் கிழிவது மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். கிழிந்து திரும்பி வந்த சீட் உறைகளை எடுத்து மறுபடி பார்த்தேன். அப்படித்தான் கிழிந்திருந்தன. நூலையும் ஊசியையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், குறை மேசையில் இருந்திருக்கிறது.

எட்டுக்கு நாலு ஷீட்டைத் தரையில் போட்டு மூத்தாசாரியும் நானும் சாக்பீஸால் பிரித்தோம். ஆறு அடிக்கு இரண்டு அடி என்று இரண்டு துண்டு. அவற்றை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் 38 மில்லிமீட்டர். மேலும் கீழும் ஒவ்வொரு மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் சரியாக 40. மெஷினோடு வரும் கீல், எண்ணெய்த் தட்டு, முழங்காலால் தள்ளிப் பாதத்தை உயர்த்தும் முழங்கால் தூக்கி எல்லாம் இந்தக் கனத்துக்குத்தான் அளவு. மிச்சம் நாலு அடிக்கு இரண்டு அடி ஒரு துண்டு. அதை மேசையின் பின்பக்கம் கீல் போட்டு மடக்குப் பலகையாக வைத்துவிடலாம், தைத்து முடிந்த துணி பின்னால் போய் விழாமல் அதில் கிடக்கும். ஒரு கைப்பலகை கூட வீணாகவில்லை. அன்றைக்கு மூத்தாசாரி முகத்தில் இருந்த திருப்தியை நான் வேறு வேலையில் பார்த்ததில்லை.

கீழ்ப்பக்கத்துக்கும் மைக்கா எதற்கு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மைக்கா கடையில் கேட்டார்கள். மேலே மட்டும் மூடி, கீழே திறந்திருந்தால் ஈரம் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறி இறங்கும், பலகை கிண்ணம் மாதிரி வளையும். இரண்டு பக்கமும் மூடினால் வளையாது. வெட்டிய ஓரங்களிலும் பெல்ட் பள்ளத்திலும் குழியின் உள்சுவரிலும் வார்னிஷை மூன்று தடவை குடிக்கக் குடிக்கப் பூசினோம். முதல் மேசை எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது.

ஒட்டும் நாளில் ஒரு தவறு நடந்தது. தண்ணீர் தாங்கும் ஃபெவிகாலை இரண்டு துண்டிலும் தடவி, சேர்த்து, அரை அடிக்கு ஒன்றாகக் கீழிருந்து ஸ்க்ரூ முடுக்கி, மேலே சிமெண்ட் மூட்டை நாலு ஏற்றி வைத்தோம். ஒரு ராத்திரி கழிந்து இறக்கியபோது இரண்டும் ஒரே பலகையாக இறுகியிருந்தது. தட்டினால் முதலில் கேட்ட சலசலப்பு போய், கனத்த மரத்தின் சத்தம் வந்தது. மெஷின் குழிக்கு 519க்கு 180 மில்லிமீட்டர் கோடு போட்டு ஜிக்சாவை ஓட்டினேன். பாதி தூரத்தில் கிறீச் என்று ஒரு சத்தம், பிளேடு முறிந்து தெறித்தது. குழிக் கோட்டின் மேலேயே ஒரு ஸ்க்ரூவை நான் முடுக்கியிருந்தேன். நல்ல வேளையாகக் கண்ணாடி போட்டிருந்தேன். அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, இன்னும் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, வழியில் நின்ற இன்னொன்றையும் கழற்றிவிட்டு அறுத்தேன். இதைச் செய்யப் போகிறவர்கள் ஒட்டுவதற்கு முன்பே குழி, பெல்ட் பள்ளம், மோட்டார் போல்ட் மூன்றின் இடத்தையும் பலகையின் இரண்டு பக்கமும் வரைந்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு ஆணிகூடப் போகக் கூடாது.

குழி எங்கே வர வேண்டும் என்பதிலும் கணக்கு உண்டு. ஆறு அடியில் வலது ஓரத்திலிருந்து பத்து அங்குலம் விட்டேன், கைச்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும். மிச்சம் மூன்றரை அடி இடப்பக்கம். ஊசிக்கு வலப்பக்கம் மெஷினின் கழுத்து நிற்பதால் துணியின் பெரும்பாகம் எப்போதும் இடப்பக்கம்தான் கிடக்கும்.

மூலைகளில் ரப்பர் உட்காரும் படிகளை மூத்தாசாரியே உளியால் எடுத்தார். ஒரு காலை முழுவதும் அந்த நாலு மூலை. கொஞ்சம் எடுப்பார், நாங்கள் இருவரும் ஹெட்டைத் தூக்கி வைப்போம், மூலைமட்டத்தின் இரும்பு விளிம்பை மெஷின் தளத்திலிருந்து பலகைக்கு வைத்துப் பார்ப்பார், மறுபடி தூக்கச் சொல்வார். ஒரு மூலையில் கூடுதலாக எடுத்துவிட்டபோது ரப்பருக்குக் கீழே பழைய காலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டி வைத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவச் சொன்னார். இரும்பு முடிந்து மைக்கா தொடங்கும் இடம் குளிர்ச்சி மாறுவதில் மட்டும்தான் தெரிந்தது.

காலும் சட்டமும் அவர் ராஜ்ஜியம். மூன்று அங்குலச் சதுரக் கால்கள். நீளச் சட்டத்தின் முனையை நாக்காகச் சீவி, காலில் துளை எடுத்து, இறக்கி, மர ஆணி அடித்தார். பக்கவாட்டில் மட்டும் அரை அங்குலப் போல்ட்டு, என்றைக்காவது கழற்றி ஷட்டர் வழியாக வெளியே எடுக்க வேண்டுமே. பின்பக்கம், மேல்தட்டுக்கு நேர் கீழே, ஒரு சாணுக்கு மேல் அகலமுள்ள பலகையை இரண்டு காலுக்கும் நடுவில் செங்குத்தாகக் கொடுத்தார். இடமும் வலமும் ஆடுவதை அந்த ஒரு பலகைதான் நிறுத்துகிறது. பழைய தகரக் காலில் அதற்கு ஒரு கம்பி மட்டும் இருந்தது. முன்பக்கம் அப்படி வைத்தால் என் தொடை இடிக்கும், முழங்கால் தூக்கிக்கும் இடமில்லை. அதனால் முன்சட்டத்தைப் படுக்கையாக வைத்தார். இதைச் சொல்லாமலேயே செய்தார். நாற்காலியில் என்னை உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அளந்து, கால் உயரத்தை 31 அங்குல மேசைக்கு முடிவு செய்ததும் அவர்தான். மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டு குறுக்கும் ஒரே அளவு வந்த பிறகே போல்ட்டை இறுக்க விட்டார்.

மோட்டார் விஷயத்தில் நான் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. முதலில் வாங்கியது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் ஓடத் தொடங்கி, தைக்காத நேரத்திலும் ஹம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பெடல் அந்தச் சுழற்சியைப் பிடித்து மெஷினுக்குக் கொடுக்கும். மெல்லத் தைக்க அதில் கால் பழக நாளாகும். சோபா மூலையில் ஒவ்வொரு தையலாகப் போக வேண்டிய வேலைக்கு அது ஒத்துவராது. இந்த மேசையோடு சர்வோ மோட்டார் மாற்றினேன். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், சத்தமே இல்லை. மோட்டார் புல்லியை 50 மில்லிமீட்டருக்குச் சிறிதாக்கியதில் மெல்லப் போகும்போதும் ஊசிக்கு நல்ல பலம் வந்தது. மூன்று போல்ட்டையும் மேலிருந்து கீழாக முழுக்க ஊடுருவி முடுக்கி, தலை அமிழ்ந்த குழிகளில் மெழுகு உருக்கி ஊற்றிச் சமப்படுத்தினேன். மோட்டாரை மர ஸ்க்ரூவில் தொங்கவிடவே கூடாது, அதிர்வில் கழன்றுவிடும்.

ஆனால் பழைய கிளட்ச் மோட்டார் நல்ல கனம். அந்தக் கனம் மேசைக்கு அடியில் தொங்கி, மேசையைத் தரையோடு பிடித்திருந்தது. சர்வோ ஒரு கையில் தூக்கலாம். ஒரு பக்கம் கனம் கூட்டி, இன்னொரு பக்கம் குறைத்திருக்கிறேன்.

புது மேசையை ரப்பர் கடைக்காரரின் தராசைக் கொண்டுவந்து நிறுத்தோம். பலகையும் காலும் சேர்ந்து 61 கிலோ. ஓட்டிப் பார்த்தேன். பழைய மேசையோடு ஒப்பிட்டால் பாறை. ஆனாலும் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தால், ஒரு ஹூட்டுக்கு ஒரு நூல் நகர்ந்திருந்தது. ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. காலுக்குக் கீழே ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகத் துள்ளியது. மெத்தென்ற பொருள் அதிர்வைத் தின்னும் என்று நினைத்தது தப்பு, மேசைக்கு அது ஊஞ்சல் கட்டிக் கொடுத்துவிட்டது. ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, கல் குவாரியில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டில் கெட்டியான துண்டு நாலு வாங்கி வெட்டி வைத்தேன். வழுக்குவது குறைந்தது. இன்னும் அடியில் பாரம் வேண்டும்.

மணல் மூட்டை வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது மூத்தாசாரி அடுக்களைப் பின்பக்கம் பார்த்தார். மிக்ஸி வந்த பிறகு அங்கே சாய்த்து வைத்த அம்மி, மழைநீர் குடித்துப் பாசி பிடித்துக் கிடந்தது. ஆச்சி காலத்துக் கல். அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மீன் குழம்புக்குத் தேங்காயும் மிளகும் அரைத்த கல், மெஷினுக்கு அடியில் போய்க் கிடப்பதா என்று அவளுக்கு வருத்தம். இரண்டு நாள் கழித்து அவளே தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள்.

“வச்சுக்கோ. ஆனா எட்டி, அம்மியில காலு படப்பிடாது கேட்டியா.”

அதனால் பெடலுக்கு எட்டாத தூரத்தில், பின்கால்களுக்கு நடுவில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் அயனியில் ஒரு தட்டு அடித்தோம். அம்மியை நானும் மூத்தாசாரியின் பேரனும் தூக்கி வைத்தோம். 38 கிலோ. கல்லுக்கும் தட்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த பெல்ட் துண்டு. குழவியை அம்மா தரவில்லை, அது அடுக்களையிலேயே இருக்கிறது.

அன்றைக்கு முதலில் தைத்தது என்ஜின் உறை. டிபி×17 வகை ஊசியில் 22ஆம் நம்பர், தடித்த நைலான் நூல். மூலை மடிப்பில் ஆறு அடுக்கு ரெக்சின். மேசை மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுத் தைத்தேன். தண்ணீரின் மேலே மெல்லிய வளையங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன, டம்ளர் நகரவில்லை. தையலை ஸ்கேல் வைத்து அளந்தேன். தொடக்கத்தில் 6, நடுவில் 6, முனையில் 6. இரட்டை வரிசை ரயில் தண்டவாளம் மாதிரி ஓடியிருந்தது. மூத்தாசாரி உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொள்ளாம்” என்றார், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கூலி வாங்க மாட்டேன் என்று நின்றார். அவருடைய சாய்வு நாற்காலிக்குப் புதுப் படுதா தைத்துக் கொடுத்து, கூலியையும் அவர் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதுவரை இரண்டு தென்மேற்கும் ஒரு வடகிழக்கும் பார்த்துவிட்டது. மே மாதக் கடைசியில் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்குவேன், அவ்வளவுதான் பராமரிப்பு. மெஷின் தளமும் மைக்காவும் இன்றும் ஒரே மட்டம். அயனிக் கால்கள் தேன் நிறத்துக்கு வந்துவிட்டன.

போன மாசி மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மி தேவைப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் எல்லா வீட்டிலும் அம்மியை எங்கெங்கோ போட்டுவிட்டார்கள், கழுவித் துடைத்து வைத்திருந்தது எங்கள் வீட்டில்தான். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்து தூக்கிப் போனார்கள். பெண்ணின் கால் அதன்மேல் ஏறலாம், அதற்கு அம்மா தடை சொல்லவில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய ஹூட் இருந்ததால், கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் உட்கார்ந்து தைத்தேன். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். வலது முன்கால் சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு நூல் வெளியே நின்றது.

ராத்திரி அம்மி திரும்பி வந்தது. மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. துடைக்க வேண்டாம் என்றாள் அம்மா. மேசையைக் கோட்டுக்குத் தள்ளிவிட்டு, கல்லை அதன் தட்டில் ஏற்றினோம்.